போனைக் கூடையில போடும்மா

நூலால முகத்து முடி எடுக்கிற திரெடிங் பண்றவளுக்கு அந்த நூலோட ஒரு முனை பல்லுல, மிச்சம் ரெண்டு கையில, அதனால வேலை நேரத்துல வாயைத் திறக்க முடியாத தொழில் எங்களோடது. பல் டாக்டர்கிட்ட போனா உங்க வாய் அடைபடும், எங்ககிட்ட வந்தா எங்க வாய் அடைபடும். என்னை மாதிரி வாயாடிக்கு இந்த வேலை எப்படி அமைஞ்சுதுன்னு என் வீட்டுக்காரர் இன்னிக்கும் கேட்பாரு.

கடை சிங்கப்பூர்ல, தேக்கா மார்க்கெட் பக்கத்துல, ஒரு பழைய கடைவீட்டு மாடியில. ரெண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, வாசல்ல ஒரு திரை. பொம்பளைங்க மட்டும். மரப்படி, யார் ஏறினாலும் கீழேர்ந்தே சத்தம் கேட்கும். நானும் மேரி அக்காவும்தான் வேலை பார்க்கிறோம். மேரி அக்கா என்னைவிட பத்து வயசு மூத்தவங்க, டிராயர்ல ஜெபமாலை வெச்சிருப்பாங்க, பேச்சு கம்மி. அந்தக் குறையை நான் தீர்த்து வெச்சிருவேன்.

வீட்டுல பதிமூணு, பதினாலு வயசுல பிள்ளை வெச்சிருக்கிறவங்களே, அந்த வயசுப் பிள்ளைங்களோட நாள் முழுக்க மல்லுக்கட்டுற டீச்சருங்களே, பஸ் டிரைவருங்களே, இது உங்களுக்குத்தான். நீங்க பயப்படுறதுக்குத்தான் நானும் பயப்படுறேன்.

வலிக்குதா?

உதட்டுக்கு மேல நூல் ஓடினா யாருக்கும் கண்ணுல தண்ணி வரும். "வலிக்குதா?"ன்னு கேட்போம், "இல்லை"ன்னு சொல்வாங்க, டிஷ்யூவை நீட்டுவோம், முடிஞ்சுது. ஏன் அழுதேன்னு யாரும் கேட்க மாட்டாங்க. அதனால நெசமாவே அழணும்னு இருக்கிற பிள்ளைக்கு எங்க நாற்காலி மாதிரி வசதியான இடம் சிங்கப்பூர்ல கிடையாது. இது என் மண்டையில ஏற ரொம்ப நாள் ஆச்சு.

ஒருநாள் செகண்டரி ஒன் பிள்ளைங்க நாலு பேர் யூனிஃபார்மோட வந்தாங்க. ஒருத்திக்கு மட்டும் அப்பர் லிப். மத்த மூணு பேரும் ஒரே சிரிப்பு, மூணு போனும் அவ முகத்துக்கு நேரா. நானும் கூட்டாளிங்க விளையாடுறாங்கன்னு நெனச்சு, நூலைக் கடிச்சுக்கிட்டே கேமராவுக்கு ஒரு போஸ் கொடுத்தேன். நாற்காலியில இருந்தவ சிரிக்கல. கண்ணுலேர்ந்து தண்ணி காது வரைக்கும் ஓடுது. நான் டிஷ்யூவை நீட்டினேன்.

முடிஞ்சதும் மூணு பேரும் ஒருத்திக்கொருத்தி போனைக் காட்டிக்கிட்டாங்க. அந்தப் பிள்ளை உதட்டைக் குவிச்சுக்கிட்டு அழுறதை ஸ்டிக்கராக்கி, கீழ "மீசை"ன்னு எழுதி, கிளாஸ் குரூப்புக்கு அனுப்பியாச்சு. கூட்டிக்கிட்டிருந்த மேரி அக்கா துடைப்பத்தை நிறுத்திட்டு, "அதை அனுப்பலாமான்னு அவளைக் கேட்டீங்களா?"ன்னாங்க. உயரமா இருந்தவ சொன்னா: "சும்மா ஜோக்குதான் லா ஆன்ட்டி, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

கொடுத்து வெச்சவ

காவ்யா எங்ககிட்ட வர ஆரம்பிச்சது அதுக்கப்புறம். பதினாலு வயசு, செகண்டரி டூ, வீடு பிடோக். நெட்பால் ஆடுறவ, நல்ல உயரம். அம்மா ஆஸ்பத்திரியில நர்ஸ், ஷிஃப்ட் வேலை, அதனால மாசம் ஒரு தடவை தனியாத்தான் வருவா.

புருவம் எடுக்கும்போது வர்றவங்களுக்கும் வேலை இருக்கு. ஒரு கையால நெத்தியை மேல இழுக்கணும், இன்னொரு கையால இமையைக் கீழ இழுக்கணும். தோல் தொய்ஞ்சா நூல் அறுத்துரும். அவ போனை மடியில வெச்சிருந்தா. வீடியோ கால். எடுக்கல. மறுபடி. எடுக்கல. மூணாவது தடவை படக்குனு கையை எடுத்துட்டா, நூல் இமையில கீறி ஒரு பொட்டு ரத்தம். "சாரி, சாரி"ன்னா. என்கிட்ட இல்ல, போன்கிட்ட. எங்க இருக்கேன்னு உள்ளேர்ந்து ஒரு பையன் குரல். போனைச் சுத்திக் காட்டினா, கூரை, கண்ணாடி, மேரி அக்கா, நான், என் வாயில நூல்.

நான் நூலை வாயிலேர்ந்து எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. "என்னடி, இந்த வயசுலயே இப்படிக் கவனிக்க ஒருத்தனா? கொடுத்து வெச்சவ நீ. நான் காணாமப் போனா எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் கழிச்சுத்தான் தேடுவாரு"ன்னு கேலி பண்ணினேன். அவ பஞ்சால இமையை ஒத்திக்கிட்டே சொன்னா: "அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க ஆன்ட்டி."

பண்டுங் வாங்கி வந்த பிள்ளை

அடுத்த மாசம் அந்தப் பையனே வந்தான். ரிஷின்னு பேரு, பதினாறு வயசு. திரைக்கு வெளிய செருப்பைக் கழட்டிட்டு நின்னு, உள்ள எட்டிக்கூடப் பார்க்காம, "உள்ள வரலாமா ஆன்ட்டி?"ன்னு கேட்டான். வரக்கூடாதுன்னேன். சரின்னு தலையாட்டினான். கையில மூணு பாக்கெட் ஐஸ் பண்டுங், ரோஸ் சிரப்பு கலந்த பால், காவ்யாவுக்கு ஒண்ணு, எங்களுக்கு ரெண்டு. மேரி அக்கா சுகர்னு சொல்லிட்டாங்க. நான் ரெண்டையும் குடிச்சேன்.

ஒருநாள் அவ உள்ள இருக்கும்போது என்னை வெளிய கூப்பிட்டான். "ஆன்ட்டி, அவ போன் பேட்டரி அடிக்கடி செத்துரும். தனியா வர்றா, எனக்குப் பயமா இருக்கு. முடிஞ்சதும் நீங்க ஒரு மெசேஜ் போட்டா போதும்"னான். எனக்கு உருகிப் போச்சு. என் மகன் இப்ப என்எஸ்ல, ராணுவ சேவையில இருக்கான், அவன் எனக்கே மெசேஜ் போட மாட்டான். இப்படி ஒரு பிள்ளையான்னு நெனச்சு நம்பரை வாங்கிக்கிட்டேன். ரெண்டு மாசம் ஒழுங்கா அனுப்பினேன், மணியோட. மூணு அஞ்சுக்கு வந்துட்டா, மூணு இருபத்தஞ்சுக்குக் கிளம்பிட்டா. முதல் தடவை அனுப்பினப்ப உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு: "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி, உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா எனக்கு டென்ஷனே இல்லை."

அரை மணி நேரம்

அதுக்கு அடுத்த தடவை காவ்யா இடது கையால மட்டும்தான் தோலைப் பிடிச்சா. வலது கையையும் வைம்மான்னேன். வெச்சா, ஆனா அழுத்தல. நெட்பாலுக்குக் கையில மாட்டுற ஸ்லீவை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டிருந்தா. கையைத் தூக்கினதும் அது முழங்கை வரைக்கும் இறங்கிடுச்சு. மணிக்கட்டைச் சுத்தி நாலு விரல் தடம், மஞ்சளும் நீலமுமா.

நூல் வாயில இருந்ததால நான் எதுவும் கேட்கல. அவளாத்தான் சொன்னா, கண்ணை மூடிக்கிட்டே. போன தடவை எங்ககிட்டேர்ந்து இறங்கினவ, தேக்கா சென்டர்ல கிளாஸ்மேட் ஆயிஷாவைப் பார்த்திருக்கா. ரெண்டு பேரும் உட்கார்ந்து வடை சாப்பிட்டிருக்காங்க. அவ்வளவுதான். ரிஷி எம்ஆர்டி ஸ்டேஷன் வாசல்ல காத்துக்கிட்டு இருந்திருக்கான், கையில என் மெசேஜ். அன்னிக்கே ஆயிஷாவை பிளாக் பண்ண வெச்சிருக்கான். அதுலேர்ந்து அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பானாம், பதில் பிடிக்கலன்னா மணிக்கட்டை முறுக்குவானாம். அவ என் மேல கோபமே படல, அதுதான் தாங்க முடியல. டெஸ்ட்ல வந்த கணக்கைக் கேட்கிற மாதிரி என்கிட்ட கேட்டா: "நீங்க மூணு இருபத்தஞ்சுக்கே முடிஞ்சுதுன்னு சொல்லிட்டீங்க, மிச்ச அரை மணி நேரத்துக்கு நான் என்ன பதில் சொல்றது ஆன்ட்டி?"

ரெண்டாவது ஆள்

நூலை எடுத்தேன், வாயைத் திறந்தேன். "நாளைக்கே அவனை விட்டுத் தள்ளு. போனைக் கொடு, நானே பேசறேன். உனக்கு அறிவில்லையா, நெட்பால் ஆடுற பிள்ளை ஒருத்தன்கிட்ட கையைக் கொடுத்துட்டு நிக்கிறே"ன்னு கத்தினேன். என் தப்பை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம், இப்ப புரியுது. அவ பவுடரைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டா. ஒரு புருவம் பாதியில நின்னுச்சு.

அடுத்த மாசம் வரல. அதுக்கு அடுத்த மாசமும் வரல. எனக்குத் தூக்கம் போச்சு. படியில சத்தம் கேட்டா எழுந்து திரையை விலக்கிப் பார்ப்பேன். பிடோக் பக்கம்னு ஏதாவது கெட்ட செய்தி போன்ல வந்தா, பேரு என்னன்னு கடைசி வரி வரைக்கும் தேடுவேன். ரிஷிகிட்டேர்ந்து மெசேஜ் மட்டும் வந்துச்சு: "காவ்யா இன்னிக்கு வந்தாளா ஆன்ட்டி?" வரலன்னு போட்டா, எங்கதான் போனான்னு அவளைக் கேட்பான். பதில் போடலன்னா, ஆன்ட்டிகிட்ட என்ன சொல்லி வெச்சேன்னு கேட்பான். எதைச் செஞ்சாலும் அடி அவளுக்குத்தான். நான் பெத்த மகனும் பதினாறு வயசுல எந்த வாசல்ல யாருக்காகக் காத்துக்கிட்டு நின்னானோன்னு ஒரு நெனப்பு வேற வந்து தொலைச்சுது.

எங்க வாடிக்கையாளர்ல சுகந்தின்னு ஒருத்தி, ஒரு ஸ்கூல்ல கவுன்சிலர். பேர் சொல்லாம, ஸ்கூல் சொல்லாம அவகிட்ட கொட்டினேன். கையில தடம் இருக்குன்னா சும்மா இருக்கக் கூடாது, பெரியவங்க ஒருத்தருக்குத் தெரியணும், அவன் அனுப்பினதையெல்லாம் அழிக்காம வெச்சிருக்கணும்னு சொன்னா. எல்லாத்துக்கும் முன்ன அவ திரும்பி வர்றதுக்கு உங்க கதவு திறந்திருக்கணும்னா. அதான் நான் விட்டுத் தள்ளச் சொன்னேனேன்னு ஆரம்பிச்சேன். சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்தா: "அந்தப் பிள்ளைக்கு ஆர்டர் போட ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான் அக்கா, நீங்க ரெண்டாவது ஆளா போகாதீங்க."

கூடை

மறுநாள் மார்க்கெட் பக்கம் ஒரு மூடி போட்ட பிரம்புக் கூடை வாங்கினேன். சுவத்துல ஒரு அட்டை: "திரெடிங் நேரத்தில் போன் கூடையில். இரண்டு கையும் வேண்டும். யார் வந்தார் போனார் என்று கடை யாருக்கும் சொல்லாது." அதையே போட்டோ எடுத்து ரிஷிக்கும் அனுப்பினேன், எல்லாருக்கும் இதான் புது ரூல் தம்பின்னு. கோபம் வந்தா என் மேல வரட்டும், அவ மேல வர வேண்டாம்.

காவ்யா ஒருத்திக்காகப் போட்ட ரூலை எல்லார் மேலயும் போட வேண்டியிருந்துச்சு. ஆபீஸ் பொம்பளைங்க முணுமுணுத்தாங்க. ஸ்டிக்கர் பண்ணின மூணு பேரும் போன் இல்லாம வேடிக்கை பார்க்க ஒண்ணுமில்லைன்னு வர்றதையே விட்டுட்டாங்க, அந்த மீசைப் பிள்ளை மட்டும் தனியா வந்துட்டுப் போனா. பேங்க்ல வேலை பார்க்கிற ஒரு அம்மா கூடையைப் பார்த்துட்டு என் பக்கம் திரும்பி இடுப்புல கையை வெச்சாங்க: "ஏன் கலா, நான் புருவம் எடுக்க வந்தேனா, ஜெயிலுக்கு வந்தேனா?"

நாலு நிமிஷம்

மூணாவது மாசம் காவ்யா வந்தா. சொந்தக்காரங்க கல்யாணம், அம்மா போகச் சொன்னாங்கன்னா. இளைச்சிருந்தா. நெட்பால் விட்டாச்சாம். நான் அட்டையை மட்டும் காட்டினேன். படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. போனைக் கூடையில வெச்சு அவளே மூடினா.

ரெண்டு புருவத்துக்கு நாலு நிமிஷம் ஆகும். நான் அன்னிக்கு ஒவ்வொரு முடியா எடுத்தேன். கூடைக்குள்ள போன் உர்ருன்னு அதிரும், அவ தோள் தூக்கிப் போடும், ஆனா ரெண்டு கையும் முகத்துல இருக்கு, எடுக்க முடியாது. அது அவ தப்பு இல்ல, கடை ரூல். கொஞ்சம் கொஞ்சமா தோள் இறங்கினதும் பேசினா. முன்ன அவனை ரொம்பப் பிடிச்ச நேரத்துல, அம்மாவைப் பத்தி ராத்திரி பூரா அவன்கிட்ட வாய்ஸ் மெசேஜ்ல அழுதிருக்கா. அம்மா எப்பவும் வேலை வேலைன்னு போயிடுறாங்க, அவங்களுக்கு ஆஸ்பத்திரியில இருக்கிற நோயாளிங்கதான் பிள்ளைங்க, இப்படி ஒரு அம்மா இருக்கிறதுக்கு இல்லாமலே இருக்கலாம்னு. அதையெல்லாம் அவன் வெச்சிருக்கான். விட்டுட்டுப் போனா கிளாஸ் குரூப்புல போடுவேன், உங்க அம்மாவுக்கும் அனுப்புவேன்னு சொல்லியிருக்கான்.

முடிச்சு, நூலை எடுத்து, வார்த்தையை எண்ணிப் பேசினேன். "உன் மேல தப்பு இல்லம்மா. நான் அவனுக்கு மெசேஜ் போட்டது தப்பு, மன்னிச்சுக்கோ. உனக்கு அடிபடுறது எனக்குத் தெரிஞ்சு போச்சு, இதை நான் மறைச்சு வெச்சுக்க மாட்டேன். யாருக்கு முதல்ல தெரியணும்னு நீ சொல்லு, நான் கூட நிக்கிறேன்." கூடையைப் பார்த்துக்கிட்டே சொன்னா: "சொல்லணும்னா அம்மாகிட்டதான் ஆன்ட்டி, ஆனா அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை."

ரெண்டு நாற்காலி

முகத்தைப் பார்க்காம பேச ஒரு இடம் வேணும்னா அதுதான் என் கடை ஆச்சே. கல்யாணத்துக்கு உங்களுக்கும் புருவம் எடுப்போம்னு சொல்லி அம்மாவைக் கூட்டிட்டு வாம்மான்னேன். அந்தச் சனிக்கிழமையே வந்தாங்க. அம்மா பேரு வசந்தி, ராத்திரி ஷிஃப்ட் முடிச்ச முகம். ரெண்டு போனும் கூடையில. வசந்தி என் நாற்காலியில, காவ்யா பக்கத்துல மேரி அக்கா நாற்காலியில, அவளுக்குப் புருவம் ஏற்கெனவே முடிஞ்சதால நெத்தி முடி மட்டும். ரெண்டு பேரும் கண்ணை மூடி, ரெண்டு கையும் முகத்துல.

வசந்திக்கு ஒரு புருவம் முடிஞ்சுது. காவ்யா வாயே திறக்கல. கூடை உர்ருன்னுச்சு, நின்னுச்சு, திரும்ப உர்ருன்னுச்சு. "யாருடி இத்தனை தடவை?"ன்னாங்க வசந்தி, கண்ணைத் திறக்காம. அப்பத்தான் அவ சொன்னா. "அம்மா, ஒருத்தன்கிட்ட உங்களைப் பத்தி ரொம்ப மோசமா பேசிட்டேன். அவன் அதை வெச்சு என்னை மிரட்டுறான்." அப்புறம் மடமடன்னு எல்லாம் வந்துச்சு, ஆயிஷா, நெட்பால், அரை மணி நேரம், என் மெசேஜ் உட்பட. மேரி அக்கா கை அப்படியே நின்னுடுச்சு. எனக்கு ஆயிரம் வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு, நல்லவேளை, நூல் பல்லுல இருந்துச்சு.

வசந்தி கையை முகத்துலேர்ந்து எடுக்கவே இல்ல. கண்ணோரத்துல தண்ணி. பழக்கதோஷத்துல டிஷ்யூவுக்குக் கை போச்சு, நிறுத்திக்கிட்டேன். அப்புறம் மெதுவா, கண்ணைத் திறக்காமலே சொன்னாங்க: "அந்தக் கையில இருந்தது நெட்பால்ல பட்ட அடி இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு, கேட்கத்தான் பயந்துட்டேன்."

ஒத்தைப் புருவம்

அந்த நேரம் பார்த்துப் படியில சத்தம். காவ்யா கண்ணைத் திறந்துட்டா. அவ போன்ல லொக்கேஷன் அவனுக்குப் போய்க்கிட்டே இருந்திருக்கு, நாங்க யாரும் அதை யோசிக்கல. திரைக்கு வெளிய செருப்பு கழட்டுற சத்தம். "ஆன்ட்டி, காவ்யா முடிஞ்சுதா?" அதே மரியாதைக் குரல்.

வசந்தி எழுந்தாங்க. ஒரு புருவம் வில்லு மாதிரி, இன்னொண்ணு காடு மாதிரி, நெத்தி பூரா பவுடர். திரையை விலக்கி, "நான் காவ்யாவோட அம்மா"ன்னாங்க. அவன் சிரிச்சான். "ஹலோ ஆன்ட்டி, அவளைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்." வசந்தி ஒதுங்கி நின்னு, "அவளையே கேளுங்க தம்பி"ன்னாங்க. காவ்யா நாற்காலியோட கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிருந்தா. குரல் வர ரெண்டு தடவை முயற்சி பண்ணினா. "நான் வரல. இனிமே வரமாட்டேன்." அவன் அவளையே பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்துச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அவ ரொம்பப் பொய் சொல்லுவா ஆன்ட்டி, பார்த்துக்குங்க"ன்னுட்டு இறங்கிப் போனான்.

கடைசிப் படி சத்தம் கேட்டதும் மேரி அக்கா போய்க் கதவைத் தாழ் போட்டாங்க. காவ்யா அம்மா இடுப்பைக் கட்டிக்கிட்டு அழுதா, அன்னிக்கு நூலைச் சாக்கு சொல்லத் தேவைப்படல. வசந்தி அவ தலையைத் தடவிக்கிட்டே திரும்ப வந்து உட்கார்ந்தாங்க: "அக்கா, இன்னொரு புருவத்தையும் முடிச்சு விட்டுருங்க, இந்த லட்சணத்துல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக முடியாது."

கிளாஸ் குரூப்

அவன் சொன்னபடியே செஞ்சான். அன்னிக்குச் சாயந்திரமே ரெண்டு வாய்ஸ் மெசேஜ், அவ கிளாஸ்ல அவனுக்குத் தெரிஞ்ச யாரோ வழியா, கிளாஸ் குரூப்புக்கு வந்துடுச்சு. எதுக்குப் பயந்து அத்தனை மாசம் கையைக் கொடுத்துக்கிட்டு நின்னாளோ, அது நடந்தேபோச்சு. அடுத்த தடவை நாற்காலியில உட்கார்ந்து காவ்யா சொன்னா, முதல்ல யாருமே ஒண்ணும் போடலையாம், அந்த அமைதியில செத்துரலாம்போல இருந்துச்சாம். அப்புறம் அவ பிளாக் பண்ணி வெச்சிருந்த ஆயிஷா ஒரு வரி போட்டிருக்கா. கூடையிலேர்ந்து போனை எடுத்து எனக்குக் காட்டினா: "என் அம்மாவைப் பத்தி நான் சொல்றதைக் கேட்டா நீங்கல்லாம் மயங்கி விழுந்துருவீங்க."

ஹலோ ஆன்ட்டி

ஸ்கூல், போலீஸ் எல்லாம் அவங்க பாடு, அதை நான் எழுத மாட்டேன். காவ்யா திரும்ப நெட்பாலுக்குப் போறா. கூடை அதிர்ந்தா இன்னும் தோள் தூக்கிப் போடத்தான் செய்யுது, முன்ன மாதிரி இல்ல. நானும் படிச் சத்தம் கேட்டா இன்னும் நூலை நிறுத்திட்டுத் திரையைப் பார்க்கிறேன்.

போன வாரம் தேக்கா சென்டர் டீக்கடையில தே வாங்க நின்னேன். முன்னால ரிஷி. "ஹலோ ஆன்ட்டி"ன்னு சிரிச்சான். பக்கத்துல புதுசா ஒரு பிள்ளை, பதினாலு வயசுக்கு மேல இருக்காது. ஒரு இளஞ்சிவப்பு உறை போட்ட போன் அவன் கையில இருந்துச்சு, அவனோடது இல்ல. "விட்டுட்டு ஓடும்மா"ன்னு கத்த வாய் வந்துச்சு. அடக்கிக்கிட்டு, அவன் ஆர்டர் கொடுக்கத் திரும்பின நேரத்துல கடை கார்டை அவ உள்ளங்கையில வெச்சேன். "முதல் தடவை ஃப்ரீம்மா. பொம்பளைங்க மட்டும். போனை மட்டும் கூடையில போட்டுறணும்." அவ அவன் முதுகை ஒரு தடவை பார்த்துட்டு, கார்டைச் சட்டைப் பையில மறைச்சுக்கிட்டுக் கேட்டா: "ரொம்ப வலிக்குமா ஆன்ட்டி?"

கொஞ்சம்தான்னு சொல்லிட்டு அதோட வாயை மூடிக்கிட்டேன், இந்தத் தொழிலுக்கு வந்த இருபது வருஷத்துல நான் பண்ணின தப்பெல்லாம் நூலை வாயிலேர்ந்து எடுத்த பிறகு பண்ணினதுதான்.